வழுக்கி விழுந்த இரும்பு மனிதர்கள்

அந்த அக்காவுக்குச் சினிமாச் சண்டையைப் பார்த்தால் கோபம் வரும். பொம்பளை சண்டை போடுகிறாளே என்ற கோபம் இல்லை. தப்பாகப் போடுகிறாளே என்ற கோபம். அதை உள்ளே வைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது. படம் முடிகிறவரை பொறுத்திருந்துவிட்டு நேராக என்னிடம் வருவாள். படத்தை எடுத்தவன் எங்கேயோ கடல் தாண்டி இருந்தான். கைக்கு எட்டுகிற தூரத்தில் நான்தான் இருந்தேன்.

போடிக்கு வெளியே, ராசிங்காபுரம் போகும் சாலையோரம் அப்போது ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதி. இங்கிலீஷ் படம் ஓடும் நாட்களில் மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்வது என் வேலை. நான் ஏழாவதோடு நின்றவன். இங்கிலீஷில் எழுத்து தெரியும், பேசினால் ஒன்றும் விளங்காது. கொட்டகை முதலாளிக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. "பாக்குறவனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தொண்டை இருக்குல்ல, அது போதும்" என்றார். அதற்கு முன் மதுரையில் ஓட்டலில் இலை எடுத்திருந்தேன். செங்கல் சூளையில் மண் மிதித்திருந்தேன். லாரியில் கிளீனராகப் போய்ப் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டிருந்தேன். நிழலில் உட்கார்ந்து பேசுகிற வேலை கிடைத்ததும் ஒட்டிக்கொண்டேன். திரைக்குப் பின்னால் மணலில் சாக்கு விரித்துத் தூங்குவேன். விற்காமல் மிஞ்சிய முறுக்குதான் ராச்சாப்பாடு.

எங்களுக்குள் முதல் சண்டை வந்தது ஓர் ஆகாயக் கப்பல் படத்தால். வெள்ளிச் சட்டை போட்ட ஒரு பெண் வேறு ஏதோ கிரகத்திலிருந்து வருவாள். ஒல்லி, குள்ளம், கண் மட்டும் பெரியது. கப்பலுக்குள் இரும்பு மனிதர்கள் அவளை வளைத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவனும் கதவு உயரம். அவள் ஒரு குத்து விட்டால் ஒருவன் விழுவான். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் இரண்டு பேரும் விழுவார்கள். நான் மைக்கில் தொண்டை கிழியக் கத்துவேன். தரை டிக்கெட்டில் விசில் பறக்கும்.

அன்று முதல் ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு பெண் மைக்குப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். நானே உயரமான ஆள் இல்லை. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கையை நாலைந்து மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். மலையில் ஏலக்காய் எடுக்கிற பெண்களுக்கு அதுதான் உடை. அவள் அளவுக்கு ஆம்பளைச் சட்டை எங்கேயும் தைப்பதில்லை.

"அவ கையில அடிச்சான்னு உனக்கு யாரு சொன்னது?" என்றாள்.

"படத்துலயே தெரியுதேக்கா."

"படத்துல தெரியிறதை நாங்களே பாத்துக்கிறோம். நீ என்னத்துக்கு மைக்கு வச்சிருக்க? அவ எடை என்ன, அவன் எடை என்ன? அவ குத்துனா அவதான பின்னால போகணும். தரை வேற கண்ணாடி கணக்கா கெடக்கு. இவ குதி வச்ச செருப்பு போட்டுருக்கா."

எனக்கு ஒரு வாத்தியார் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. "ஆகாயத்துல எடையே கெடையாதுக்கா" என்றேன்.

"அப்ப அடிச்ச வேகத்துக்கு ஆளுக்கொரு பக்கம்ல போகணும். அவன் மட்டும் என்னத்துக்கு விழுறான்?"

நான் மைக்கு வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவள் போகவில்லை. "அம்புட்டுப் பேரை அடிச்சிருக்கா. கை வீங்குச்சா பாரு. தலைமுடி கலையலை. எரிச்சலா வருது மைக்கு" என்று சொல்லிவிட்டு, என் முறுக்குப் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே போனாள்.

அன்றிலிருந்து என் பெயர் மைக்கு. அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. தோட்டத்தில் அவளை அரைப்படி என்பார்கள். நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. குரங்கணிக்காரி. அதற்கும் மேலே மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை. கூலி போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பில் போடிக்கு இறங்கி, சாமான் வாங்கி, முதல் ஆட்டம் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் படுத்து, காலையில் மறுபடி ஏறிவிடுவாள். மழைக்காலத்தில் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். அந்த மாதங்களில் நானும் அதே தோட்டத்துக்கு மூட்டை தூக்கப் போய்விடுவேன். அட்டை கடிக்கும், காய்ச்சல் வரும், கஞ்சி கிடைக்கும். அதனால் அவளை மேலேயும் பார்த்திருக்கிறேன், கீழேயும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான்.

யார் வந்தாலும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைப் பார்ப்பாள். போடியில் ஒரு கூட்டத்தில் பெரிய மனிதர் ஒருவர் மேடையில் கையை வீசி முழங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இவள் என் முழங்கையை இடித்து, "இவரு குதிகால்ல நிக்கிறாரு. நெஞ்சுல ஒரு விரலை வச்சாப் போதும்" என்றாள். என் முதலாளியைப் பார்த்த அன்று, "இந்த மனுசன் வயித்துல நிக்கிறாரு" என்றாள். அப்புறம் எனக்கு அவரைப் பார்த்தாலே சிரிப்பு வந்தது. அதற்காக இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

ஜீப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குரங்கணி ஜீப்பில் மனிதர்களைத் திணிப்பதற்கு அளவு கிடையாது. அன்று ஒரு காய் வியாபாரி, நல்ல கனத்த உடம்பு, தொடையை அகட்டி உட்கார்ந்து இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் அக்கா. அவள் மடியில் சாமான் மூட்டை. "அண்ணே, செத்த ஒதுங்கி உக்காருங்க" என்று ஒரு முறை சொன்னாள். அவர் இவளை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு இம்புட்டு இடம் போதாதாக்கும்?" என்றார். வண்டி மலைப்பாதையில் ஏறியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர் உடம்பு முழுக்க இவள் பக்கம் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து இவள் மூட்டையோடு லேசாக எழுந்துகொண்டாள். சாய்ந்தவருக்கு முட்டுக்கொடுக்க ஆள் இல்லை. முட்டைக்கோசு கூடைகளுக்கு நடுவே போய் விழுந்தார்.

"ஏய், தள்ளிவிட்டியா?" என்று கீழே கிடந்தபடியே கேட்டார்.

"நான் தள்ளி நீங்க விழுவீகளா அண்ணே? என்னையப் பாருங்க" என்றாள்.

ஜீப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் டிரைவர் திரும்பி, "ஆத்தா, நீ காளியாத்தா அவதாரம்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று முறைத்தாள்.

"ஏம்ப்பா, சாமி எறங்குச்சுன்னா நீ துன்னூறு பூசிட்டுப் போயிருவ. நான் செஞ்சேன்னு சொன்னா, நாளையிலருந்து என் பக்கத்துல தொடையை மடக்கி உக்காரணும். அதுக்குத்தான என்னையச் சாமியாக்குற?"

டிரைவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

சிறிய பொம்பளை ஒருத்தி பெரிய ஆளைச் சாய்த்தாள் என்றால் ஊர் அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கும். சாமி வந்திருக்கும். பேய் பிடித்திருக்கும். வேறு கிரகத்துக்காரியாக இருக்கும். இது எதுவும் இல்லையென்றால் அவள் பொய் சொல்கிறாள். இதற்கு வெளியே ஒரு இடம் கேட்டதுதான் அந்த அக்கா செய்த ஒரே குற்றம். அதை நான் நேரில் பார்த்தேன்.

ஏலக்காய் மரத்தில் தொங்குவதில்லை. செடியின் அடியில், மண்ணோடு ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும். பெண்கள் சரிவில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பறிப்பார்கள். எழுந்து இரண்டடி ஏறி மறுபடி உட்காருவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் வேலை. காலுக்குக் கீழே நனைந்த இலைச் சருகு, அதற்குக் கீழே சேறு. அதில் வழுக்கினால் எந்தப் பெண்ணும் நிமிர்ந்து சமாளிக்கப் பார்க்க மாட்டாள். அந்த நொடியே உட்கார்ந்துவிடுவாள். நான் மூட்டையோடு நிமிர்ந்து சமாளிக்கப் பார்த்து எத்தனையோ முறை உருண்டிருக்கிறேன். அவர்கள் உருண்டு நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்து இறங்கும்போது மடிச் சோதனை உண்டு. மடியில் காய் ஒளித்திருக்கிறார்களா என்று பார்ப்பது. மற்ற தோட்டங்களில் அதற்கு ஒரு வயதான பெண்ணை வைத்திருப்பார்கள். எங்கள் தோட்டத்துக் கங்காணி, பெண்களிடம் வேலை வாங்குகிற ஆள், அதைத் தன் கையாலேயே செய்வார். கை எங்கெங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள். அக்கா பேசினாள். "பொம்பளை ஆளை விட்டுச் சோதிங்க. நீங்க தொட்டா நான் மடியை அவுக்க மாட்டேன்" என்றாள். அவளுடைய தம்பி, அதே தோட்டத்தில் மருந்தடிக்கிறவன், அவனும் போய்க் கங்காணியிடம் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டான். அது நடந்த இரண்டொரு நாளில் கங்காணி மலைச் சரிவில் காலும் தோள்பட்டை எலும்பும் உடைந்து கிடந்தார்.

நான் அப்போது கீழே இருந்தேன். மழை ஓய்ந்து கொட்டகையை மறுபடி எழுப்பிக்கொண்டிருந்தோம். மேலே கீற்று கட்டிக்கொண்டிருந்தவனை அக்கா வந்து கீழே நின்று கூப்பிட்டாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தாள்.

"மைக்கு, இறங்கி வா. ஒரு சோலி இருக்கு."

நின்றபடியே சொன்னாள். வேலை முடிந்து குறுக்குப் பாதையில் தனியாக இறங்கியிருக்கிறாள். கங்காணி மேலேயிருந்து பின்னாலேயே வந்து, "இப்பச் சோதிக்கிறேன்டி" என்று தோள் வழியாகக் கையைப் போட்டிருக்கிறார். சருகுக்குள் அவர் கால் சறுக்குகிற சத்தம் இவளுக்குக் கேட்டிருக்கிறது. தோளுக்கு வந்த கையை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்தபடியே உட்கார்ந்தாள். அவர் இவள் தலைக்கு மேலே போய்ப் பாறையில் விழுந்தார்.

"உக்காந்தது உடம்பு தானா செஞ்சது. கையை விடாம இழுத்தது நான். தெரிஞ்சுதான் இழுத்தேன்" என்றாள்.

கங்காணி ஆஸ்பத்திரியில் வேறு சொல்லியிருந்தார். நாலைந்து பேர் மறைந்திருந்து கம்பால் அடித்தார்கள், அதில் அரைப்படியின் தம்பி முன்னால் நின்றான் என்று. தம்பியைப் பிடித்து ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள். இவள் போய், "நான்தான்" என்று சொல்லியிருக்கிறாள். சிரித்திருக்கிறார்கள். மறுபடி போயிருக்கிறாள். "தம்பியைக் காப்பாத்தப் பொய் சொல்லாதம்மா, போ" என்று விரட்டியிருக்கிறார்கள்.

"நாளைக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாகளாம். ஜெயிலுக்குப் போனா அவன் சோலி முடிஞ்சது. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாக. நீ சொன்னா இரும்பு மனுசனே விழுந்தான்னு நம்பி விசிலடிக்கிறாக. நீ வந்து சொல்லு."

எனக்கு ஸ்டேஷன் என்றால் பயம். ஊர் ஊராகத் திரிகிறவனை சந்தேகத்தில் பிடித்து உட்காரவைப்பது அப்போது சாதாரணம். இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் கையைக் கழுவிக்கொண்டு அவளோடு போனேன்.

ஏட்டையா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "நீ அந்த வெள்ளிச் சட்டைப் படத்துக்குக் கதை சொன்ன ஆளுதான? என் பிள்ளைக அதையே சொல்லிக்கிட்டுத் திரியுதுகப்பா." எனக்கு டீ வந்தது. அக்காவுக்கு வரவில்லை. உள்ளே கம்பிக்குப் பின்னால் தம்பி எழுந்து நின்றான்.

நான் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எந்தக் கதையையும் சொன்னதில்லை. சரிவு, சருகு, பின்னால் வந்த செருப்புச் சத்தம், தோளில் விழுந்த கை, அவள் உட்கார்ந்த வேகம் எல்லாம் சொன்னேன். இரண்டு போலீஸ்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்டார்கள். எஸ்.ஐ. கூட அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். முடித்ததும் ஏட்டையா தொடையில் தட்டி, "பிரமாதமாச் சொல்ற. இதையும் படமா எடுத்தா நல்லா ஓடும்" என்றார். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. நன்றாகச் சொல்லச் சொல்ல அது சினிமாவாகிக்கொண்டே போயிருக்கிறது.

அக்கா முன்னால் வந்தாள். "அந்தப் படத்துல ஒருத்தி அம்புட்டு இரும்பு ஆளையும் அடிச்சா. அதை நம்புனீகள்ல?"

"அது வேற கிரகத்துப் பொம்பளைம்மா."

"நான் குரங்கணிக்காரி. அதான் உங்களுக்குக் குறையா?"

ஒரு போலீஸ்காரர் சிரித்தார். எஸ்.ஐ. வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். "இங்க பாரும்மா. கங்காணி உன்னைப் போல ரெண்டு மடங்கு. அவரை நீ ஒருத்தியாச் சாய்ச்சேன்னா எதை வச்சு நம்புறது? உன் மேல ஒரு கீறல்கூட இல்ல."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, "உக்காந்த எடத்துல கல்லு கெடந்துச்சு. இடுப்புக்குக் கீழ கன்னிப்போய்க் கெடக்கு. அதை உங்க யாருகிட்ட நான் காட்டுறது?" என்றாள்.

அந்த ஸ்டேஷனில் அப்போது பெண் ஒருத்தர்கூடக் கிடையாது. எஸ்.ஐ. மேசையைப் பார்த்தார். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்ததை அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"சரி, வாங்க. செஞ்சே காட்டுறேன்" என்றாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் மண் கரை ஒன்று ஓடைக்கு இறங்கும். கீழே மணல். ஏட்டையா வேடிக்கை பார்க்கிற ஆசையில், புதிதாக வந்திருந்த இளம் போலீஸ்காரரை முன்னால் போகச் சொன்னார். ஆறடி, நல்ல தேகம். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே கரையின் மேலே நின்றார். அக்கா இரண்டடி கீழே, முதுகைக் காட்டி நின்றாள்.

"எப்படிம்மா பிடிக்க?"

"திருடியப் பிடிக்கிற மாதிரிப் பிடிங்க தம்பி."

அவர் இறங்கி வந்து தோளில் கையைப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். நான் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன், ஆனாலும் நடந்தது முழுதாகக் கண்ணில் விழவில்லை. தொப்பி ஒரு பக்கம் போனது. ஆள் மணலில் மல்லாந்து கிடந்தார். அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். வலியில் அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

மணலில் கிடந்தவர் எழுந்து முழுக்கால் சட்டையைத் தட்டினார். ஏட்டையாவைப் பார்த்தார். "வழுக்கிருச்சுண்ணே" என்றார்.

"ஆமா, ஈர மண்ணுல்ல" என்றார் ஏட்டையா.

"வழுக்கலை" என்றாள் அக்கா. "நான் இழுத்தேன். கை இன்னும் செவந்திருக்கு பாருங்க."

அந்த இளம் போலீஸ்காரர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

எஸ்.ஐ. மட்டும் கரையையும் மணலையும் மாறி மாறிப் பார்த்து யோசித்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அக்காவைத் திண்டாட வைக்க வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. ஆனால் அவர் தேடியது வேறு. இந்தத் தொல்லை முடிய வேண்டும். அதற்கு வழி இப்போது மணலில் விழுந்து எழுந்து நின்றது. உடனே ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கங்காணியிடம் கேட்கச் சொன்னது இதுதான். அரைப்படி ஒருத்தியே உங்களைச் சாய்த்தாள் என்று வழக்கு எழுதட்டுமா, இல்லை நீங்களாக வழுக்கி விழுந்தீர்களா? ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. வழுக்கித்தான் விழுந்தாராம். வலியில் ஏதோ உளறிவிட்டாராம்.

"அப்பச் சரி. உன் தம்பியைக் கூட்டிட்டுப் போ" என்றார் எஸ்.ஐ. "நீயும் ஒரு வார்த்தை சொல்லிரு. கங்காணி கால் வழுக்கி விழுந்தாரு, நான் பாத்தேன்னு. ஏட்டையா எழுதிக்கிருவாரு."

"நான் அதைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லலைன்னா கேஸு பழையபடி நிக்கும்மா."

"என்னைய உள்ள வையுங்க. நான் செஞ்சதுக்கு நான் இருக்கேன். செய்யலைன்னு சொல்லச் சொல்றீகளே, அதுதான் என்னால ஆகாது."

நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். கோபத்தில் அவள் உடம்பு நடுங்குவது தெரிந்தது. சிரித்தபோது நடுங்கவில்லை, விரட்டியபோது நடுங்கவில்லை. இப்போது நடுங்கினாள். கம்பிக்குப் பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, வழுக்குச்சுன்னு சொல்லிரு. யாரு என்ன சொன்னா என்ன, நம்ம வீட்டுக்குப் போவம்."

அவனுக்கு உதடு வீங்கியிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். அப்புறம் எஸ்.ஐ.யின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கங்காணி வழுக்கி விழுந்துட்டாரு."

"சத்தமாச் சொல்லும்மா."

"வழுக்கி விழுந்துட்டாரு."

கதவைத் திறந்துவிட்டார்கள். ஏட்டையா என்னிடம், "அடுத்து என்ன படம் போடுறீக?" என்று கேட்டார். நான் அக்காவுக்குப் பின்னால் வெளியே நடந்தேன்.

எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போதும் டீக்கடை டிவியில் ஏதாவது ஒரு சின்னப் பெண் எந்திரங்களைத் தூக்கி எறிந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் விவாதம் செய்வார்கள். இந்த உடம்புக்கு இது நடக்குமா, நம்புகிற மாதிரியா இருக்கிறது என்று. அக்காவும் அதைத்தான் சொன்னாள், நடக்காது என்று. அப்படி நடக்காது, இப்படித்தான் நடக்கும் என்று சரிவில் நின்று காட்டவும் செய்தாள். படத்தில் நடந்த பொய்க்கு விசிலடித்தவர்கள், கண் முன்னால் நடந்ததைப் பார்த்து ஈர மண் என்றார்கள். இவர்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது நான் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

அவள் செய்ததை முழுதாக நம்பிய ஆள் ஒருவர் உண்டு. அது கங்காணி. கால்கட்டைப் பிரித்து விந்தி விந்தித் தோட்டத்துக்கு வந்தவர் அதன்பிறகு மடிச் சோதனைக்குக் கை நீட்டவில்லை. ஒரு கிழவியை வைத்தார்கள். பாதையில் அக்கா எதிரே வந்தால் அவர் செடிக்குள் இறங்கி வழிவிடுவார். மற்ற பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பொத்தாமல் சிரித்தார்கள். அதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் ஒரு நாள் கேட்டேன். "சோதனை நின்னுருச்சுல்லக்கா."

"கங்காணி சறுக்கி விழுந்தாரு, அதுலருந்து திருந்திட்டாருன்னு சொல்றாக. கேட்டியா? அந்த நல்ல பேரும் அவருக்குத்தான்" என்றாள்.

தை மாசத்தில் அந்த ஆகாயக் கப்பல் படம் மறுபடி வந்தது. வேறு படப்பெட்டி கிடைக்காததால் முதலாளி அதையே வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். கூட்டம் நல்ல கூட்டம். நாற்காலி வரிசையில் ஏட்டையா பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் தரையில், தூணுக்கு அருகே, அக்கா. ஸ்டேஷனுக்குப் போன நாளுக்குப் பிறகு அவள் கொட்டகைக்கு வருவது அதுதான் முதல் முறை.

சண்டை வந்தது. வெள்ளிச் சட்டைக்காரியை இரும்பு மனிதர்கள் வளைத்தார்கள். நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் ஒரு குத்து விட்டாள். முதல் ஆள் சாய்ந்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. மைக்கே தேவைப்படாத குரல்.

"வழுக்கி விழுந்துட்டாரு."

மலையிலிருந்து வந்திருந்த பெண்கள் நாலைந்து பேர் முதலில் சிரித்தார்கள். அடுத்தவன் விழுந்தான்.

"இவரும் வழுக்கிட்டாரு. ஈர மண்ணுல்ல."

இப்போது ஆண்கள் பக்கமும் சிரித்தது. எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள் காதில் சொன்னார்கள். அது வரிசை வரிசையாகப் போவதை நான் மைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏட்டையாவின் சின்னப் பிள்ளை, "யப்பா, எதுக்கு எல்லாரும் நம்மளத் திரும்பிப் பாக்குறாக?" என்று கேட்டது எனக்கே கேட்டது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

இரும்பு மனிதர்கள் இன்னும் நிறையப் பேர் பாக்கி இருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், பேசு பேசு என்று. நான் மைக்கை நிறுத்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.